ஆயிரத்துப் பதினேழாம் டோக்கன்

எங்கள் கடையில் இருந்த நாவல்களில் பாதிக்கு முடிவு கிடையாது. குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். பெங்களூரில் பழைய பேப்பர் மண்டியில் கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன புத்தகங்களை ஒரு மூலையில் குவித்து வைத்திருப்பார்கள். யாரும் சீந்தாத அந்தச் சரக்கைச் சாக்கில் கட்டி, பங்காருப்பேட்டையில் ரயில் மாறி, தங்கச் சுரங்கம் ஓடுகிற எங்கள் ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் தோளில் சுமந்துகொண்டு இறங்குவேன். பார்க்கிறவர்களுக்கு அரிசி மூட்டை மாதிரி இருக்கும். எனக்கோ பண்டிகைக்குத் துணி எடுத்து வருகிற மாதிரி ஒரு துள்ளல்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பஜாரில் எங்கள் குடும்பத்துக்கு மளிகைக் கடை. எனக்கு முப்பது வயதானபோது, கல்யாணம் வேண்டாம் என்று ஐந்தாவது தடவையாகச் சொன்னேன். நைனா கோணிப்பை போட்டு வைக்கிற பக்கத்து அறையின் சாவியை என் முன்னால் விட்டெறிந்தார். "கண்ணாலம் வாணாம், யாவாரம் வாணாம். இதுலயே குந்திக்கினு கெட!" தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்தார். அன்று சாயங்காலமே கோணிப்பைகளை உதறி வெளியே போட்டு, இரவலுக்குப் புத்தகம் தரும் கடை வைக்கச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு எதிலும் அவசரம். வாயும் கொஞ்சம் நீளம்.

ஏன் கல்யாணம் வேண்டாம் என்பதை நான் வீட்டில் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். பதினைந்து வயதிலிருந்தே தெரியும். அப்போது அதற்கு மரியாதையாக ஒரு சொல் எங்களிடம் இல்லை. ஊர்க்காரர்களிடம் இருந்த சொற்களெல்லாம் வசவுகள். அதனால் இந்தப் பூமியில் நான் ஒருத்தன்தான் இப்படி என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்தது ஒரு ஸ்கூல் டீச்சரம்மா.

கடை தொடங்கிய இரண்டாவது வாரம் அவர் ஒரு நாவல் எடுத்துப் போனார். ஹாஸ்டலில் உயிருக்குயிராகப் பழகும் இரண்டு பெண்களின் கதை. கடைசிப் பத்துப் பக்கம் இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தேன். திருப்பித் தந்தபோது உள்ளே நான்கு தாள்கள் மடித்து வைத்திருந்தார். கதையை அவரே முடித்திருந்தார். இரண்டு பெண்களும் வேலை தேடிக்கொண்டு, ஒரே வீட்டில் குடியேறி, வாசலில் முருங்கைக் கன்று நட்டு, அது காய்க்கிற வரைக்கும் எழுதியிருந்தார். நின்றபடியே படித்தேன்.

"பிடிக்கலைன்னா கிழிச்சிடுங்க," என்றார் தரையைப் பார்த்து.

"கிழிக்கிறதா? இத்த அட்டையோட சேத்துத் தச்சி வைக்கப்போறேன்!" என்று நான் கத்திய கத்தலில், வெளியே காத்திருந்த அவருடைய சிநேகிதி பயந்துபோய் உள்ளே ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவரும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். வாசலில் முருங்கை மரம் இருந்தது என்பதைப் பிறகு போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து கடைக்கு ஒரு வழக்கம் வந்தது. முடிவில்லாத ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசியில் வெள்ளைத் தாள்கள் சேர்ப்போம். படித்தவர் தன் முடிவை எழுதலாம். அடுத்தவர் அதற்குக் கீழே வேறு முடிவு எழுதலாம். தாள்களை மிஷினில் அடித்துக் கொடுத்தது பாலகாட் சுரங்கத்துப் பக்கத்திலிருந்து வந்த தையல்கார அக்கா. பிறந்த வீட்டில் மகன் என்று வளர்த்தார்கள். அக்கா சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். தெருவில் அவரைக் கேலி பேசிய பெண்களே ஜாக்கெட் தைக்க மட்டும் அவரிடம்தான் போவார்கள். "வாய் ஒரு அளவு, இடுப்பு ஒரு அளவு. ரெண்டும் என் நோட்டுல கீது," என்பார் அக்கா. எங்கள் கடையில் அவரை எல்லாரும் அக்கா என்று மட்டுமே கூப்பிட்டோம். முதல் நாள் அதைக் கேட்டதும் அழுதுவிட்டார். அடுத்த நாளே எங்களை அதட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஒருவர் இன்னொருவரை அழைத்து வந்தார். ரயில்வேக்காரர் ஒருத்தர், ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு மிட்டாய்க்கடைக்காரர், சைக்கிளில் வந்து இறங்காமலே நோட்டம் விட்டுப் போய், நான்காவது நாள் இறங்கியவர்கள். இருபது பேருக்கு மேல் போகவில்லை. ஆனால் எனக்கு ஊரே திரண்டு வந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைப் பாதி சாத்திவிட்டு, அந்த வாரத்து முடிவுகளைச் சத்தமாக வாசிப்போம். யாரும் சாகாத கதைகள், யாரையும் கட்டாயமாகக் கட்டிவைக்காத கதைகள். சிரித்துச் சிரித்து நர்ஸக்காவுக்கு விக்கல் வந்துவிடும். அத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் ஒன்றாகப் பேசினால் எவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. யாருக்கும் நோட்டில் பெயர் எழுதச் சம்மதமில்லை. அதற்கு எங்கள் ஊரே வழி காட்டியது. சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட ஒரு பித்தளை டோக்கன் உண்டு. ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டில் ஏறுவதற்கு முன்னால் அதைச் சாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாசலில் குமாஸ்தாவிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைப் பலகையில் மாட்டுவார். மேலே வந்ததும் வாங்கிக்கொள்ளலாம். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அதையே நான் எடுத்துக்கொண்டேன். புத்தகம் எடுக்கிறவர் தன் டோக்கனை எங்கள் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திருப்பித் தந்தால் டோக்கன் கைக்கு வரும்.

பஜார் பித்தளைக்காரரிடம் சொல்லி வெட்டினேன். சுரங்கத்து டோக்கன் மாதிரியே வட்டம், அதே கனம், மேலே அதே ஓட்டை. பின்பக்கம் மட்டும் விரித்த புத்தகம் மாதிரி ஒரு சின்னக் குறி. நம்பரை ஆயிரத்து ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

"மீதி ஆயிரம் பேரு எங்க கீறாங்க?" என்று கேட்டார் தையல்காரக்கா.

"வருவாங்க!" என்றேன்.

இந்த ஜம்பம்தான் பின்னால் எங்களை ஒரு வழி பண்ணியது.

ஆயிரத்துப் பதினேழு அவருடையது. சுரங்கத்தில் பம்பு பார்க்கிறவர். என்னைவிட நான்கு வயது பெரியவர். ஆழத்தில் ஒரு லெவலில் தண்ணீர் இறைக்கும் பம்புக்குப் பக்கத்தில் தன்னந்தனியாக ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். துப்பறியும் கதை கேட்டுத்தான் முதலில் வந்தார். "பம்பு ஓடிக்கினே இருக்கும், நான் படிச்சிக்கினே இருப்பேன்," என்றார். மூன்றாவது தடவை வந்தபோது, எதற்கு இந்த ஆள் சிரித்தால் எனக்கு மூச்சு நின்று வருகிறது என்று யோசித்தேன். ஐந்தாவது தடவை யோசிப்பதை விட்டுவிட்டேன். அவருக்கும் அப்படித்தான் என்று தெரிந்த அன்று, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காரணம் சொல்லாமல் மைசூர்பாகு கொடுத்தேன்.

அவருக்கு அப்பா அம்மா இல்லை. சுரங்கத்தார் கொடுத்த லைன் வீட்டில் தனியாக இருந்தார். இரண்டு வருஷமாக எங்கள் இருவருக்கும் சாப்பாடு அங்கேதான். நான் சமைப்பேன், அவர் பாத்திரம் கழுவுவார். அக்கம்பக்கத்தில் சிநேகிதர்கள் என்று நினைத்தார்கள். நாங்களும் மறுத்துப் பேசவில்லை.

அவரிடம் ஒரே குறை. முடிவு எழுத மாட்டார். இரண்டு சிநேகிதர்களைப் பற்றிய ஒரு நாவலை மூன்று வாரமாக வைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியான ஷிஃப்டுக்குப் போகிற வழியில் கடைக்கு வந்து அதைத் திருப்பித் தந்து, தன் டோக்கனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். தாளைப் புரட்டினேன். ஒரு எழுத்து இல்லை.

"இன்னிக்கும் எழுதலியா? உங்களுக்கு யோசிக்க ஒரு யுகம் வேணுமா?"

"நல்ல முடிவா வரணும் இல்ல? சும்மா எழுதிட்டாப் போச்சா?"

"எழுதாம திருப்பித் தந்தா வாங்க மாட்டேன். எடுத்துக்கினு போங்க!" என்று புத்தகத்தை அவர் கையில் திணித்தேன்.

அந்த நேரத்தில் ஷிஃப்ட் சங்கு ஊதியது. அவர் சிரித்துக்கொண்டே பையில் கைவிட்டு, ஒரு டோக்கனை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு ஓடினார். பையில் இரண்டு டோக்கன் இருந்தது. நான் பலகையைப் பார்க்கவில்லை. ஓடுகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மணி வாக்கில் தரை ஆடியது. எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே பாத்திரம் உருளும். பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி பேச்சைத் தொடர்வோம். ஆனால் அன்று என் அலமாரியே குப்புற விழுந்தது. சங்கு ஊத ஆரம்பித்தது, நிற்கவில்லை. தாள் தைத்துக் கொண்டுவந்திருந்த தையல்காரக்காவைக் கடையில் விட்டுவிட்டு ஓடினேன்.

சாஃப்ட் வாசலில் சொல்லாமலே எல்லாரும் கடைப்பிடிக்கிற ஒரு முறை உண்டு. இரும்பு வேலியை ஒட்டிக் கீழே இருப்பவர்களின் பெண்சாதிகள் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் தாய், தகப்பன், பிள்ளைகள். மற்றவர்கள் ரோட்டில். நான் ரோட்டில் நின்றேன். கூண்டு மேலே வந்து வந்து ஆட்களைக் கொட்டியது. ஒவ்வொருவரும் டோக்கன் வாங்க, வேலியில் ஒவ்வொரு பெண்ணாக அழுது விலக, நான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அவர் வரவில்லை.

கடைசியில் டோக்கன் குமாஸ்தா வெளியே வந்தார். வயதானவர், கண்ணாடி மூக்கு நுனியில். "எல்லாரும் வந்துட்டாங்க. ஒரே ஒரு டோக்கன் மீந்துது, ஆயிரத்துப் பதினேழு. அந்த ஆளு லீவுல கீறாரு. ஊட்டுக்கு ஆள் அனுப்பிப் பாத்தோம், குளிச்சிக்கினு கீறாராம். பழைய டோக்கன் மாட்டிக் கெடந்திருக்குது. கீழ யாரும் இல்ல, எல்லாரும் போங்க."

ஜனங்கள் சிரித்தார்கள். ஒருத்தர் கை தட்டினார்.

ஆயிரத்துப் பதினேழு எங்கள் கடை நம்பர்; சுரங்கத்தில் அதே நம்பர் லீவில் இருக்கிற வேறொருத்தருடையது. அவர் எங்கள் டோக்கனை அங்கே கொடுத்திருக்கிறார். அவருடைய டோக்கன் என் கடையில் தொங்குகிறது. அவர் நம்பர் பலகையில் இல்லாததால் வேலைக்கு வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். கீழே ஒருத்தர் இருக்கிறார், அது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

செருப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை, வெறுங்காலோடு கடைக்கு ஓடினேன். அவருடைய ஆணியில் சுரங்கத்து டோக்கன் தொங்கியது. எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் அப்படியே நின்றேன். இதைக் கொண்டுபோனால் கேள்வி வரும். என்ன கடை, யார் யார் வருகிறார்கள், எதற்கு நம்பர். டீச்சருக்கு வேலை போகலாம். மற்றவர்களுக்கு வீடே போகலாம்.

விழுந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த தையல்காரக்காவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். முழுதாகக் கேட்கக்கூட இல்லை அவர். "எங்களப் பத்தி அப்பால யோசிக்கலாம். இன்னாத்துக்கு நிக்கற? ஓடுடா!" என்று என் முதுகில் ஒரு அறை வைத்தார்.

திரும்பிப் போனபோது பாதிக் கூட்டம் இன்னும் கலையவில்லை. குமாஸ்தாவின் கையைப் பிடித்து டோக்கனை வைத்தேன். "பம்பு பாக்குறவரு கீழ கீறாரு. டோக்கனை எங்க கடைல மாத்தி மாட்டிட்டாரு. உங்ககிட்ட கீறது எங்க புத்தகக்கடை டோக்கன். பின்னாடி திருப்பிப் பாருங்க, புத்தகம் மாதிரி குறி கீது."

அவர் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. உள்ளே திரும்பி அவர் போட்ட கூச்சலில் காப்பாற்றும் படை ஆட்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு கூண்டுக்கு ஓடினார்கள். அந்த வயதில் அவருக்கு அவ்வளவு குரல் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பிறகு ரிஜிஸ்டரைத் திறந்தார். "ஊட்ல சொல்லணும், எழுதணும். அவருக்கு யாரு கீறாங்க?"

"நாந்தான்."

"நாந்தான்னா? அண்ணனா, தம்பியா? இன்னா உறவு?"

சித்தப்பா மகன் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. கீழே அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத நேரத்தில் அதைச் சொல்ல என் வாய் ஒப்பவில்லை.

"அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. அவருக்குன்னு கீறது நான் ஒருத்தன். எனக்குன்னு கீறது அவரு ஒருத்தரு. அவ்ளோதான். எழுதிக்கோங்க!"

ரோட்டிலிருந்து யாரோ சிரித்தார்கள். ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னான், அதை இங்கே எழுத மாட்டேன். குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வேலியோரத்திலிருந்து ஒரு பெண் திரும்பினாள். அவள் புருஷன் அப்போதுதான் மேலே வந்து பக்கத்தில் நின்றிருந்தான். முன்பின் தெரியாதவள். "யோவ், காலைப் பாருய்யா," என்றாள் குமாஸ்தாவிடம். என் காலில் கல் குத்தி ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "செருப்பு கூட இல்லாம ஓடியாந்து கீறான். அவனப் போயி இன்னா உறவுன்னு கேக்குறியே." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "இங்க வந்து நில்லு. இங்கேர்ந்து பாத்தாத்தான் கூண்டு தெரியும்."

வேலியை ஒட்டிய இடம். சற்றுமுன் வரை பெண்சாதிகள் நின்ற இடம். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையின் சூடு அந்தக் கம்பியில் இன்னும் இருந்தது.

தையல்காரக்கா வந்து என் இடது பக்கம் நின்றார். டீச்சர் ஸ்கூலிலிருந்து நேராக வந்து வலது பக்கம் நின்றார். யாராவது பார்ப்பார்கள் என்று சொன்னேன். "பாக்கட்டும்," என்றார். நர்ஸக்கா ஆஸ்பத்திரி வண்டியில் வந்து, உள்ளே கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் கூண்டு மணி அடித்தது. முதலில் காப்பாற்றும் படை ஆட்கள். அப்புறம் உடம்பெல்லாம் பாறைத்தூள் அப்பி, வெள்ளை அடித்த சுவர் மாதிரி ஒருத்தர். சொந்தக் காலில் நடந்து வந்தார். பாதை அடைத்துக்கொண்டதே தவிர, அவர் மேல் ஒரு கல் விழவில்லை. நான் கத்திய கத்தல் எனக்கே ஞாபகமில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

என் முன்னால் வந்து நின்று, "டோக்கனை மாத்தி மாட்டிட்டன் போலக்கீது," என்றார்.

அவ்வளவுதான். அதுவரை இருந்த பயம் முழுக்கக் கோபமாகத் திரும்பிவிட்டது. அவரை நான் ஒருமையில் பேசியதே கிடையாது. "உனக்குக் கண்ணு எங்க போச்சு? தடவிப் பாத்தாத் தெரியாதா? ஊரே ஊட்டுக்குப் போவப் பாத்துதே, நீ பாட்டுக்குக் கீழயே குந்திக்கினு இருந்திருப்பியே!" என்று அத்தனை பேருக்கு நடுவில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் தலையைக் குனிந்து நின்றார். அழுதுகொண்டே திட்டினேன். வேலியோரம் நின்ற பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அதில் கேலி இல்லை. அதே பெண் சொன்னாள்: "வூட்டுக்கு இட்டுக்கினு போயி திட்டுப்பா. பசிக்கும் அவருக்கு."

நாங்கள் பயந்த எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நைனா மூன்று மாதம் என்னிடம் பேசவில்லை. இரண்டு பேர் கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் டீச்சரின் வேலை போகவில்லை. குமாஸ்தா ஒரு நாள் வந்து எங்கள் டோக்கனைத் திருப்பிக் கொடுத்து, "எதுனாச்சும் வேற மாதிரி வெட்டித் தொலைங்க," என்று கெஞ்சினார். முக்கோணமாக வெட்டினோம். வேலியோரத்துப் பெண்ணும் வந்தாள். படிக்கத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை வாசிப்பதைக் கேட்க வந்தாள். ஒவ்வொரு முடிவுக்கும், "அப்பால இன்னா ஆச்சு?" என்று கேட்டு எங்களைத் திணற அடிப்பாள்.

ஆனால் எனக்கு அந்த நாள் என்றால் இதுதான். அன்று ராத்திரி லைன் வீட்டில் அவர் குளித்துக்கொண்டிருந்தார். சோறு வடித்துவிட்டு, தூள் படிந்த அவர் சட்டையை உதறினேன். உள்ளே செருகியிருந்த புத்தகம் விழுந்தது. கடைசித் தாளைப் புரட்டினேன். தலை விளக்கு வெளிச்சத்தில் பென்சிலால் எழுதியிருந்தார், வரி கோணலாக.

"ஒருவன் வீடு திரும்ப வெகு நேரமாகிவிட்டது. மற்றவன் சாப்பிடாமல் காத்திருந்தான். வந்தவனைப் பார்த்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினான். வந்தவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டான். கேட்கக் கேட்க அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்."

பாதை அடைபட்டு, பம்பு நின்றுபோய், யாராவது வருவார்களா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது எழுதியது அது. நான் வருவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. திட்டுவேன் என்றும் தெரிந்திருக்கிறது. புத்தகத்தை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு, இரண்டு தட்டு எடுத்துப் போட்டேன்.